பதினாலாம் நம்பர் போட்டோ

காலை ஐந்தரை மணிக்கு வல்லத்திராக்கோட்டை பால் சொசைட்டியில் திலகவதி வந்து உட்கார்ந்துவிட்டால், ஏழு மணி வரைக்கும் அவளுக்குச் சொந்தபந்தம் என்று யாரும் கிடையாது. கேனிலிருந்து பாலை மொண்டு நீளக் குழாயில் ஊற்றுவாள். டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குச்சியை அதில் மிதக்கவிட்டு, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். குச்சி அதிகம் முங்கினால் தண்ணீர் கலந்தது என்று பால் வந்த வழியே திரும்பிப் போகும். சொந்தச் சித்தப்பாவின் பாலையே இருபது பேர் பார்க்கத் திருப்பி அனுப்பியவள் அவள். மாடு நேற்று தண்ணீர் அதிகம் குடித்துவிட்டது என்று அவர் காரணம் சொன்னார். குடித்தது மாடா, கேனா என்று இவள் கேட்டாள். மூன்று மாதம் சித்தப்பா பேசவில்லை. அப்புறம் பாலை ஊற்ற வேறு இடம் இல்லாததால் பேசினார்.

இப்படிப்பட்டவள் ஒரு பொய்ப் போட்டோவுக்குத் துணைபோனாள் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் போனாள். அந்தப் போட்டோதான் 2024 மாசி மாதம் அவள் தம்பி பெண்டாட்டியின் விசாவை மறித்துக்கொண்டு நின்றது.

தம்பி வெற்றிசெல்வன் அவளைவிடப் பதினாலு வயது சின்னவன். திலகவதி இருபத்தொரு வயதில் திருமயத்துக்குத் தெற்கே ஓர் ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். புருஷன் குழந்தைசாமி லாரி ஓட்டினார். ஆறாவது வருஷம் விராலிமலைப் பக்கத்தில் ஒரு விபத்து. பிள்ளை இல்லை. இருபத்தேழு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தாள். அம்மா முன்பே இல்லை. அப்பாவும் இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பியை இரண்டு பசுமாடுகளை வைத்துத்தான் ஆளாக்கினாள். அவன் டிப்ளமா முடித்து, நியூசிலாந்தில் மேலே படித்து, அங்கேயே ஒரு மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். பண்ணையில் எண்ணூறு மாடு என்றான். அத்தனைக்கும் பெயர் வைத்தது யார் என்று கேட்டாள். பெயர் கிடையாது, காதில் நம்பர் என்றான். அந்த மாடுகளை நினைத்து அவளுக்குக் கொஞ்ச நாள் வருத்தமாகவே இருந்தது.

அவனுக்கு முப்பது வயதானபோது, ஆவுடையார்கோயில் பக்கத்தில் ஒரு பெண்ணைத் திலகவதிதான் பார்த்தாள். பெயர் சிவரஞ்சனி. அறந்தாங்கியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பெண்ணும் பையனும் நாலு மாதம் போனில் பேசிப் பிடித்துப்போன பிறகு, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெற்றிக்கு ஐந்து வாரம் லீவு.

இங்கே அவர்கள் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். திலகவதியின் வகையறாவில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதில்லை. அவனுடைய அக்காளோ தங்கச்சியோ தாலியை எடுத்துக்கொண்டு, நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு போவாள். பெண்ணை மணையில் உட்காரவைத்து மூன்று முடிச்சையும் அவளே போடுவாள். அப்புறம் பெண்ணைக் கையோடு அழைத்து வந்து மாப்பிள்ளை வீட்டில் சேர்ப்பாள். மாலை மாற்றுவதும் விருந்தும் அங்கேதான். மாப்பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்வான் என்றால், புதுச் சட்டை கசங்காமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். புதுக்கோட்டைச் சீமையில் எல்லாருக்கும் இந்த வழக்கம் கிடையாது. இவர்களிலேயே மண்டபத்துக்கு மாறிய பலபேர் இதை விட்டுவிட்டார்கள். திலகவதி விடவில்லை. சிவரஞ்சனி கழுத்தில் அவள்தான் தாலி கட்டினாள். மூன்றாவது முடிச்சை மட்டும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம் விசாவுக்காகப் புதுக்கோட்டையில் ஓர் ஏஜென்டைப் போய்ப் பார்த்தார்கள். ஆள் ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மாப்பிள்ளை தாலி கட்டுகிற போட்டோ எங்கே என்றார். விஷயத்தைச் சொன்னார்கள். இதெல்லாம் அங்கே எடுபடாது, ஒரு பொம்பளை கட்டுகிற போட்டோவை வைத்தால் கல்யாணமே இல்லை என்பார்கள், ஸ்டுடியோவில் போய் ஒன்று எடுத்துவாருங்கள், எல்லாரும் செய்வதுதான் என்றார். ‘எல்லாரும் செய்வதுதான்’ என்ற வார்த்தையில் திலகவதியும் மயங்கினாள். தன் கையே தம்பி வாழ்க்கைக்குக் குறுக்கே வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

மறுநாள் மூன்று பேரும் கல்யாணப் புடவை, வேட்டியோடு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். புதுமஞ்சள் கயிறு ஒன்றில் மஞ்சள் கொம்பைக் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். போட்டோக்காரர் சிவரஞ்சனியைப் பார்த்து, கழுத்தில் கிடக்கிறதை ரெண்டு நிமிஷம் கழற்றி வையுங்கம்மா என்றார். அவளும் சரியென்று பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். திலகவதி எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுல கை வைக்காத.”

“ரெண்டு நிமிஷந்தானக்கா” என்றார் போட்டோக்காரர்.

“ரெண்டு நிமிஷமும் வேணாம். அதுமேலயே கட்டட்டும்.”

முந்தானையை இழுத்துவிட்டுப் பழைய தாலியை மறைத்துக்கொண்டார்கள். வெற்றி கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு சிரித்தான். படம் எடுத்து முடிந்ததும் அந்தக் கயிறு திலகவதியின் பைக்கு வந்தது. அதைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை. சாமி மாடத்தில் வைக்கவும் பிடிக்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று மஞ்சள் கொம்பை அவிழ்த்துவிட்டு, கயிற்றில் ஒரு மணியைக் கோத்துக் கன்றுக்குட்டி கழுத்தில் கட்டினாள். அத்தோடு அந்தச் சங்கதியை மறந்தும்போனாள்.

விண்ணப்பத்தோடு இருபத்தாறு போட்டோ போனது. ஏஜென்ட் வரிசையாக நம்பர் போட்டிருந்தார். ஸ்டுடியோவில் எடுத்தது பதினாலு. அவர் வேண்டாமென்ற, திலகவதி கட்டுகிற படமும் கவனிக்காமல் ஏழாவதாகச் சேர்ந்துபோயிருந்தது. மூன்று மாதத்தில் கிளம்பிவிடுவோம் என்று சிவரஞ்சனி வேலையை விட்டுவிட்டு நாத்தனார் வீட்டில் வந்து இருந்தாள். ஆறாவது மாதம் மாசியில் ஒரு கடிதம் வந்தது.

சிவரஞ்சனி அதைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். ஏழாம் நம்பர் போட்டோவில் விண்ணப்பதாரருக்கு ஒரு பெண் தாலி கட்டுகிறார். மணமகன் அந்த இடத்திலேயே இல்லை. பதினாலாம் நம்பரில் மணமகன் கட்டுகிறார். ஆனால் விண்ணப்பதாரர் கழுத்தில் அப்போதே ஒரு தாலி இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் எடுத்தவை என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறது. ஆகையால் இந்தத் திருமணம் உண்மையானதுதானா, விண்ணப்பதாரருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்ததா, கொடுத்த விவரங்களில் பொய் உண்டா என்ற சந்தேகம் எழுகிறது. இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். அதன்பிறகு நேர்காணல் இருக்கும்.

முந்தானை சரியாக மறைக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், புதுக்கயிற்றுக்குக் கீழே பழைய கயிறு ஒரு விரலளவு தெரிந்தது. சிவரஞ்சனி அழவில்லை. ஏற்கெனவே கல்யாணம் ஆனவள் என்று தன்னைப் பற்றி எழுதியிருந்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று முடிவானால் இந்த விசா போவதோடு நிற்காது. பல வருஷம் திரும்பக் கேட்கவே முடியாது. வெற்றி அங்கே தங்கியிருப்பதற்கும் கேள்வி வரலாம். கட்டிய தாலியை அவிழ்க்கவிடாமல் பிடித்தவள் தான்தான் என்பது திலகவதிக்கு நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது.

ஏஜென்ட் அசரவில்லை. அவரிடம் அடுத்த யோசனையும் இருந்தது. தாலி பிரித்துக் கோக்கிற சடங்கு என்று ஒன்று எல்லாருக்கும் உண்டே, பதினாலாம் நம்பர் அதுதான், தேதியைத் தப்பாக எழுதிவிட்டோம் என்று பதில் போடலாம் என்றார். வெற்றிக்கும் அது சரியாகப் பட்டது. அன்று சாயங்காலம் போனில் அக்காவிடம் மெதுவாக எடுத்துச் சொன்னான்.

திலகவதி கடைசிவரை கேட்டாள். “அந்தச் சடங்க நாம செய்யலயேடா.”

“அவுங்களுக்கு எப்புடிக்கா தெரியும்?”

“மொதப் பொய்யவும் அப்புடித்தான நெனச்சோம்? கலந்த தண்ணி தெரியக்கூடாதுன்னு இன்னொரு சொம்பு தண்ணிய ஊத்துவாகளா? அந்தப் போட்டோ பொய்யின்னு எழுது. ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனது யாருன்னு கேட்டா எம் பேரப் போடு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

மிச்சத்தை எப்படிப் பார்ப்பது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஆனால் சொல்லியாயிற்று, சொன்னதிலிருந்து பின்வாங்குகிற பழக்கம் அவளிடம் இல்லை.

மறுநாள் பால் வேலையை முடித்துக்கொண்டு இரண்டு பெண்களும் புதுக்கோட்டைக் கோர்ட்டுக்கு எதிரே இருந்த வக்கீல் இந்துமதியைப் போய்ப் பார்த்தார்கள். இந்துமதி கடிதத்தை இரண்டு முறை படித்தார். போட்டோவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். உண்மையை எழுதி உறுதிமொழிப் பத்திரம் தயார்செய்யலாம். ஆனால் அது போதாது என்றார்.

“நான் இந்த ஊர்க்காரி, நீங்க சொல்றத நம்புறேன். அங்க இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு கல்யாணத்துல நாத்தனா கட்டுனா அவங்களுக்கு அது விசித்திரம். இருபது கல்யாணத்துல கட்டுனா அதுக்குப் பேரு வழக்கம்.”

அவ்வளவுதானே என்று திலகவதி எழுந்துவிட்டாள்.

அவ்வளவு சுலபமாக இல்லை. வகையறா பத்துப் பன்னிரண்டு ஊர்களில் சிதறிக்கிடந்தது. பாலை அனுப்பிவிட்டு ஏழரைக்கு மொபெட்டை எடுப்பாள். பின்னால் சிவரஞ்சனி ஒரு பையோடு உட்காருவாள். எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் மாப்பிள்ளையும் பெண்ணும் விறைத்துக்கொண்டு நிற்கும் போட்டோதான் மாட்டியிருந்தது. நாத்தனார் தாலி கட்டியதைச் சட்டம் போட்டு மாட்ட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஆல்பத்தைக் கேட்டால், கஜா புயலில் ஓடு பறந்து, மழையில் நனைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கிடந்தது. இரண்டு வீட்டில் ஒட்டிய பக்கத்தைச் சிவரஞ்சனி தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்தாள். பரிசோதனைக் கூடத்தில் பழகிய பொறுமை அவளுக்கு இருந்தது. ஒன்றில் தாலி கட்டுகிற கை மட்டும் தப்பியிருந்தது, முகங்களெல்லாம் கரைந்துபோயிருந்தன.

சில இடங்களில் போட்டோ இருந்தும் தரத் தயங்கினார்கள். செங்கமலம் என்பவளின் மகன் பாங்கில் அதிகாரி. இதையெல்லாம் வெள்ளைக்காரர்களிடம் காட்டினால் நம்மைக் காட்டான் என்று நினைக்கமாட்டார்களா என்று அவள் இழுத்தாள். கூச்சப்படுகிற அளவுக்கு உன் நாத்தனார் அன்றைக்கு என்ன செய்துவிட்டாள், உன் கழுத்தில் தாலிதானே கட்டினாள் என்று திலகவதி கேட்டாள். செங்கமலம் யோசித்தாள். பிறகு பீரோவின் அடித்தட்டிலிருந்து போட்டோவை எடுத்துக் கொடுத்து, தன் நாத்தனார் அப்போது எவ்வளவு ஒல்லியாக இருந்தாள் என்று அரைமணி நேரம் பேசினாள்.

திலகவதியிடம் பால் திருப்பிவிடப்பட்டவர்களும் அந்த வகையறாவில் இருந்தார்கள். அவர்கள் அவளை வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போய் மெதுவாகச் சோறு தின்றுவிட்டு வந்தார்கள். அவளும் நின்றாள். சித்தப்பா தன் மகள் கல்யாணப் போட்டோவைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டி, சுத்தமான போட்டோ, வேண்டுமானால் டிகிரி போட்டுப் பார்த்துக்கொள் என்றார். அன்றைக்குத்தான் சிவரஞ்சனி பத்து நாளில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் யார் கல்யாணம், எந்த ஊர், எந்த வருஷம், கட்டியது யார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பதினாறு போட்டோ சேர்ந்தது.

இந்துமதி எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டு, முக்கியமான ஒன்றைக் காணோமே என்றார். வெற்றிசெல்வனின் சொந்த அக்கா கல்யாணம். அதே வீடு, அதே அப்பா அம்மா. அது இருந்தால் மற்ற பதினாறைவிட அது பேசும். திலகவதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அது தொலைந்துபோச்சு என்றாள்.

திரும்பும் வழியில் சிவரஞ்சனி பின்னாலிருந்து கேட்டாள். “நெசமாவே தொலைஞ்சிருச்சா அண்ணி?”

“தொலையல. இருக்குற எடம் தெரியும்” என்றாள் திலகவதி. பதில் அனுப்ப அப்போது மூன்று நாள்தான் பாக்கி இருந்தது.

அந்தப் போட்டோ அவளுடைய நாத்தனார் முனியாயி வீட்டில் இருந்தது. குழந்தைசாமியின் அக்காள் அவள். திலகவதிக்குத் தாலி கட்டியவள். குழந்தைசாமி செத்த பதினாறாம் நாள், ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, திலகவதி கழுத்திலிருந்து அதை அவிழ்த்தவளும் அவள்தான். அன்றைக்கு முனியாயி ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூன்று முடிச்சையும் வரிசையாக அவிழ்த்துப் பால் சொம்பில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரம் திலகவதி பெட்டியைத் தூக்கினாள். பதினேழு வருஷமாக அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மறுநாள் சிவரஞ்சனியை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறினாள். திருமயத்தில் இறங்கி வேறு பஸ் மாறினாள். முனியாயி வீட்டு வாசலில் கடலை காயப்போட்டிருந்தது. முனியாயிக்கு ஐம்பதுக்குள்தான் இருக்கும். தலை மட்டும் நன்றாக நரைத்திருந்தது. வந்தவளை அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். வா என்றாள். திலகவதி உட்காராமலே வந்த காரியத்தை ஆதியோடந்தமாகச் சொன்னாள். ஸ்டுடியோவில் தாலியைக் கழற்றவிடாமல் தான் பிடித்ததையும் மறைக்கவில்லை.

முனியாயி குனிந்து கடலையைக் கையால் பரப்பிவிட்டாள். “எதுக்குப் புடிச்சேன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றாள் முனியாயி. “கட்டுனவதான் அவுக்கணும்னு என்னைய இழுத்து உக்கார வச்சாக. மாட்டேன்னு அழுதேன், யாரு கேட்டா? செத்தது எந் தம்பி திலகா. எனக்கும் அப்ப முப்பது வயசு. ஒம் மூஞ்சியப் பாத்திருந்தா ஒரு முடிச்சக்கூட அவுத்திருக்க மாட்டேன்.”

திலகவதிக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் கல்நெஞ்சுக்காரி என்று தான் திட்டிக்கொண்டிருந்த பெண் இவளல்ல என்று தோன்றியது. கடலைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முனியாயி உள்ளே போய், சுவரில் குழந்தைசாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த போட்டோவைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்தாள். சுற்றின எந்த வீட்டுச் சுவரிலும் இல்லாத போட்டோ இங்கே இருந்தது. இருபத்தொரு வயதுத் திலகவதி குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் நின்று முனியாயி தாலி கட்டுகிறாள். பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள்.

பதினேழு போட்டோவும் உறுதிமொழிப் பத்திரமும் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் நேர்காணல். வெற்றியை முந்தின நாளே தனியாகக் கேட்டு முடித்திருந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று அவன் சொல்லவும் இல்லை, இவர்கள் கேட்கவும் இல்லை. திரையில் ஓர் அதிகாரி, நடுத்தர வயதுப் பெண். பக்கத்துக் கட்டத்தில் ஷீபா என்ற மொழிபெயர்ப்பாளர். சிவரஞ்சனியை அறையில் தனியாக இருக்கச் சொன்னார்கள். திலகவதி மாட்டுக் கொட்டகையில் போய், கூட்டின சாணத்தையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கேட்டார்கள். கணவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், என்ன சாப்பிடுவார், சண்டை எதற்கு வரும் என்றெல்லாம். தினமும் அவன் பால் கறக்கும் நேரத்தில் காதில் போனை மாட்டிக்கொண்டு இவளோடு பேசுவான். ஆகவே நாலு மணிக்கு முன்னால் எழுவதும், இடது கட்டைவிரல் பண்ணைக் கேட்டில் நசுங்கியதும், உதைக்கிற மாட்டின் நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு என்பதும் அவளுக்கு அத்துபடி. மாட்டின் நம்பரைச் சொன்னபோது அதிகாரி தன் தாளைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, தாலி கட்டிய பெண்ணோடு பேச முடியுமா என்று கேட்டார்.

திலகவதி கையைக் கழுவிக்கொண்டு வந்து போனுக்கு முன்னால் நேராக உட்கார்ந்தாள். தம்பி ஏன் கட்டவில்லை என்று ஷீபா கேட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான். ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து நம்பிக் கூட்டிக்கொண்டு வருகிறோம், அவளுக்கு வந்த இடத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் கட்டினவள்தான் பொறுப்பு என்றாள். பதினாலாம் நம்பர் போட்டோ யாருடைய யோசனை என்பது அடுத்த கேள்வி. ஏஜென்ட் சொன்னார், சம்மதித்தது நான், அந்தப் போட்டோ பொய், அதற்கு நான் வெட்கப்படுகிறேன் என்றாள். அந்த இரண்டாவது கயிறு இப்போது எங்கே என்று கேட்டார்கள். திலகவதி போனைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். கன்றுக்குட்டி அழுக்கேறிய மஞ்சள் கயிற்றில் மணி ஆட, போனை நக்க வந்தது. ஷீபாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதிகாரி மட்டும் சிரிக்காமல் கன்றின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசியாக ஒன்று” என்றார் ஷீபா. “எப்படியும் பொய்ப் போட்டோ எடுக்கத்தான் போனீர்கள். பழைய தாலியைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்திருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது. ஏன் கழற்றவில்லை என்று கேட்கிறார்கள்.”

திலகவதி கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டாள். நிதானமாகச் சொன்னாள்.

“எங் கழுத்துல கட்டுன கையே ஒருநா அவுத்துச்சும்மா. எம் புருசன் செத்தன்னைக்கு இல்ல, பதினாறாம் நாளு. அது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும். இந்தப் புள்ளைக்குக் கட்டுனது எங் கை. போட்டோவுக்குன்னாலும் அத அவுக்குறத நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன். போட்டோதான் பொய்யி. அதுல தெரியிற பழைய கயிறு நெசம்.”

ஷீபா கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். நன்றி என்றார். திரை அணைந்தது.

சித்திரை பிறந்த மறுவாரம் விசா வந்தது. செய்தியைப் படித்ததும் சிவரஞ்சனி சொசைட்டிக்கே ஓடிவந்துவிட்டாள். அப்போது மணி ஆறே கால், வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். திலகவதி கண்ணாடிக் குச்சியைக் கீழே வைக்காமல் விஷயத்தைக் கேட்டாள். அடுத்த கேனைக் கொண்டுவரச் சொன்னாள். அந்தப் பாலின் டிகிரியை மட்டும் நாலு தரம் பார்த்தாள், கண் தெளிவாகத் தெரியாததால்.

வைகாசி கடைசியில் திருச்சி விமான நிலையத்தில் சிவரஞ்சனியை ஏற்றிவிட்டாள். உள்ளே போகுமுன் அவள் திரும்பிவந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். “எதுன்னாலும் மொதல்ல எனக்குத்தான் சொல்லணும். அவெங்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி” என்றாள் திலகவதி. சரியண்ணி என்றாள் அவள்.

திரும்பும்போது காரைக்குடி பஸ்ஸில் ஏறினாள். புதுக்கோட்டையில் இறங்க வேண்டியவள் இறங்காமல் திருமயத்துக்கு டிக்கெட் எடுத்தாள். மடியில் செய்தித்தாளில் சுற்றிய சட்டம் இருந்தது. முனியாயி வீட்டில் அந்த ஆணி காலியாகவே இருந்தது. முனியாயி சட்டத்தை வாங்கிப் புடவையால் துடைத்து, பழைய இடத்தில் மாட்டி, சாயாமல் நேர்செய்தாள்.

“போயிட்டாளா?”

“போயிட்டா அண்ணி.”

“கழுத்துல?”

“நான் கட்டுனபடியே கெடக்கு.”

முனியாயி தலையை ஆட்டிக்கொண்டாள். சாப்பிட்டிருக்கமாட்டாய், கையைக் கழுவிவிட்டு வா என்று சொல்லிவிட்டு, இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.